சிறார் நலம் கூடிச் செய்யும் பணி

நம் ஊர்களிலே சிறார்க்கும் இளைஞர்க்கும் பணியாற்றும் நிலையங்கள் குறைவல்ல. பாலர் பாடசாலை, அறநெறிப் பாடசாலை, சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம் என அவை பலவாம். எனினும், ஒன்று கண்ட நன்முறையை மற்றொன்று அறியாதிருத்தல் பெருங்குறையே.

முன்னொருகால் எம் வகுப்பு மாணவன் ஒருவன் சில வாரங்கள் வந்திலன். யாம் இடாப்பிலே வரவின்மையைக் குறித்தோம், அவ்வளவே. அவன் கூலிவேலைக்குச் செல்வதை விளையாட்டுக் கழகத்தார் அறிந்திருந்தனர். வீட்டின் வறுமையை அறநெறி ஆசிரியர் அறிந்திருந்தார். யாம் ஒருவரோடொருவர் பேசினோமில்லை. அவன் கல்வி அத்துடன் முடிந்தது.

5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமென 2016ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. சிறுவர்க்கு இன்னல் நேரின் அறிவித்தற்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. ஆயினும், விதியும் இலக்கமும் தாமே நடந்து வீட்டு வாசலுக்குச் செல்லா.

ஆதலின், இந்நிலையத்தார் மாதமொருமுறை ஓரிடத்தே கூடுக. மூன்று நாள் வாராத பிள்ளையின் இல்லத்துக்கு யார் செல்வதென வகுத்துக்கொள்க. ஒருவர் கண்ட நல்வழியை யாவரும் கைக்கொள்க. பிள்ளையின் துயர் ஊர்வாய்க்கு இரையாகாமற் காத்தலும் அவ்வழிகளுள் ஒன்றாகுக. முதற் கூட்டத்தை நம் கல்லூரி மண்டபத்திலே பழைய மாணவர் கூட்டுவாராயின், அதுவே கல்லூரி அன்னையின் விழாவிற்கு ஏற்ற காணிக்கையாகும்.