போடாக்ஸ் பார்லர்ல போடுற ஊசி இல்ல (த்ரெட்)

தி.நகர் பார்லர் ஒன்னோட மணப்பெண் பேக்கேஜ் விளம்பரத்தை அனுப்பி, சேஃபான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். ஃபேஷியல், மெஹந்தி, கூடவே போடாக்ஸ். ஊசி போடுறது யாருன்னு ஒரு வார்த்தை கிடையாது.

("ஹேர் போடாக்ஸ்" வேற. அது முடிக்குத் தடவுற கிரீம், பேர் மட்டும்தான் கடன். நான் சொல்றது முகத்துல குத்துற ஊசி.)

இது பாட்டுலினம் நஞ்சு. நரம்புலேருந்து தசைக்குப் போற கட்டளையை நிறுத்திடும். மிகக் குறைஞ்ச அளவுல, சரியான தசையில போட்டா மருந்து. அமெரிக்காவுல 1989-ல முதல் அனுமதி கிடைச்சது மாறுகண்ணுக்கும், இமை தானா இறுக்கி மூடிக்கிற நோய்க்கும். புருவச் சுருக்கத்துக்கு 2002-லதான். பின்னாடி வந்த அழகு, முன்னாடி இருந்த வைத்தியத்தையே முழுங்கிடுச்சு.

பக்கவாதத்துல கை மடங்கி இறுகிப்போனவங்க, பெருமூளை வாதத்தால நுனிக்கால்ல நடக்குற குழந்தைங்க, கழுத்து திருகிக்கிறவங்க. இவங்களுக்கெல்லாம் இதே மருந்துதான். முகத்துல ஒரு பாதி துடிச்சுக்கிட்டே இருக்கிற நோய் ஒன்னு உண்டு. கண்ணடிக்கிறதா நினைப்பாங்களேன்னு மாடவீதிக்குக் காய் வாங்கக்கூட போகாதவங்க இருக்காங்க. போடாக்ஸ்னு சொன்னதும், "இந்த வயசுல அழகு ஊசியா"ன்னு எழுந்து போயிடுறாங்க. இந்தப் பேரைக் கெடுத்தது யாரு?

சுருக்கத்துக்குப் போடாதீங்கன்னு சொல்லல. உங்க முகம், உங்க காசு. தோல் டாக்டர்கிட்ட போங்கன்றேன்.

"சின்ன ஊசிதானே?" கொஞ்சம் இடம் தப்பினா இமை தொங்கிடும், வாரக்கணக்கா. உடனே சரிபண்ண மருந்து இல்ல. ஒரு பிராண்டோட 20 யூனிட்டும் இன்னொன்னோட 20 யூனிட்டும் ஒன்னு கிடையாது. பாட்டில் 2-8 டிகிரியில இருக்கணும்; சென்னை மே மாசத்துல ஹேண்ட்பேக்ல வர்ற பாட்டிலை நம்பி முகத்தைக் காட்டுவீங்களா?

2024-ல அமெரிக்காவுல போலி மருந்தாலயும், முறையில்லாம போட்ட ஊசியாலயும் 22 பேருக்குப் பாதிப்பு, 11 பேர் ஆஸ்பத்திரியில. நம்ம ஊர் மட்டும் தப்புமா? 2016-ல இதே சென்னையில முடி நடப் போன மருத்துவ மாணவரே உயிரோட திரும்பல.

சிகிச்சை தர்ற எந்த இடமும் 1997-ம் வருஷத்து தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்துல பதிவு பண்ணியிருக்கணும். அந்தச் சான்றிதழைக் கேளுங்க. ஊசி போடுறவரோட மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்க. உங்க முன்னாடியே புது பாட்டிலை உடைக்கச் சொல்லுங்க. மூஞ்சியைச் சுளிச்சா, அடையாறோ தி.நகரோ, எழுந்து வந்துடுங்க.

கர்ப்பிணிகளும், மயஸ்தீனியா உள்ளவங்களும் தவிர்க்கணும்.

ஏற்கெனவே போட்டாச்சா? முழுங்கக் கஷ்டம், பேச்சுக் குளறல், மூச்சுத் திணறல் வந்தா பார்லருக்கு போன் பண்ணாதீங்க. 108.