தேவ்னாருக்குப் போகுமுன் மூச்சுக்குக் கணக்கு எடுப்பார்களா?

தாராவியில் இப்போது இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு வீட்டைப் பற்றித்தான். யாருக்கு உள்ளேயே வீடு, யாருக்கு வெளியே, மாடியில் குடியிருப்பவர் கதி என்ன என்பதே கவலை. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதிக்கு முன்பிருந்து தரைத் தளத்தில் இருப்பதற்கு ஆதாரம் காட்டுகிறவர்களுக்குத் தாராவியிலேயே இடம். அதற்குப் பின் வந்தவர்களும் மாடிக் குடித்தனக்காரர்களும் நகரின் வேறு பகுதிகளுக்குப் போக வேண்டும் என்பது திட்டம். அப்படிப் போகிறவர்களுக்காக மாநில அரசாங்கம் 2024-ல் ஒதுக்கிய இடங்களில் தேவ்னார் குப்பைமேட்டின் 124 ஏக்கரும் ஒன்று.

1927 முதல் இந்த நகரத்தின் குப்பை போய்ச் சேரும் இடம் தேவ்னார். 2016 ஜனவரியில் அங்கு பற்றிய தீயின் புகை, பூமியைச் சுற்றும் செயற்கைக் கோள் எடுத்த படத்தில்கூடத் தெரிந்தது. சுற்று வட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட நேர்ந்தது. குப்பையை அகற்றிய பிறகே வீடு கட்டப்படும் என்று சொல்லப்படுகிறது. ஆனால் எத்தனை சதுர அடி என்று கேட்கும் நம்மவர்கள், அங்கே என்ன காற்று என்று கேட்பது குறைவு. அது டாக்டரும் அதிகாரியும் பேச வேண்டிய சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்குவது சரிதானா என்பதற்குத் தாராவிக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. தேவ்னாரை அடுத்த செம்பூரிலும் மாகுலிலும் நடந்ததைப் பார்த்தாலே போதும்.

செம்பூரின் 4129 பேர் கணக்கு

மாட்டுங்காவில் வாடகைக்கு இருந்து, உத்தியோகம் நிலைத்த பின் செம்பூரில் சொந்த வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அதே செம்பூரைத்தான் ‘கேஸ் சேம்பர்’ என்று ஊரார் கேலி செய்தார்கள். ஒரு பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், ஒரு பக்கம் உரத் தொழிற்சாலை, டிராம்பேயில் அனல் மின்நிலையம். வாசலில் நின்றாலே கண் எரியும் என்பது அங்கு பழைய குடித்தனக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லும் சேதி.

1970-களின் பிற்பகுதியில் பரேலிலுள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய் நிபுணர் டாக்டர் எஸ்.ஆர். காமத்தும் அவருடைய குழுவினரும் லால்பாக், செம்பூர், கார் ஆகிய மூன்று பேட்டைகளையும் ஒப்பீட்டுக்கு ஒரு கிராமத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 4129 பேர். அவர்களை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனிப்பது, அதே சமயம் காற்றில் கந்தக வாயு எவ்வளவு என்று அளப்பது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்பது ஏற்பாடு. முதலாண்டு முடிவு 1980-ல் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. வாயு மிகுந்த லால்பாகிலும் செம்பூரிலும், காற்று ஓரளவு நன்றாயிருந்த காரைவிட, இருமலும் மூச்சிரைப்பும் அதிகம் என்று தெரிந்தது. 1984 போபால் விஷவாயுவில் அடிபட்டவர்களைப் பின்னர் ஆராய்ந்தவர்களிலும் இந்தக் காமத் ஒருவர்.

இந்தியாவில் இத்தகைய முயற்சிகளில் இது முன்னோடி. சந்தேகமில்லை. ஆனால் ஆராய்ச்சி ஆங்கிலத்தில் அச்சாகி நூலகத்துக்குப் போயிற்று. இருமிய மனிதர் அதில் ஓர் எண். என்ன கேட்பது என்பதை ஆஸ்பத்திரி தீர்மானித்தது. விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில் செம்பூர்வாசி யாரும் இல்லை.

மாகுல் மக்கள் செய்தது

செம்பூருக்குத் தெற்கே, ஆலைகளின் மதில் ஓரமாகவே இருக்கின்றன மாகுல், அம்பாபாடா கிராமங்கள். கோலி மீனவர்களின் பழைய ஊர். பக்கத்தில் எண்ணெயும் ரசாயனமும் நிரப்பி வைக்கும் பிரம்மாண்டமான தொட்டிகள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் கசியும் ஆவிதான் அங்கே பிரச்னை. 2013-ல் கே.இ.எம். ஆஸ்பத்திரியின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இந்த ஊர்களில் வீடு வீடாகக் கேட்டது. மாதத்தில் மூன்று தடவைக்கு மேல் மூச்சுத் திணறுகிறது என்றவர்கள் நூற்றுக்கு 67 பேர். தொண்டை அடைக்கிறது என்றவர்கள் 84 பேருக்கு மேல். கண் எரிகிறது என்றவர்கள் 86 பேருக்கு மேல்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மூச்சுத் திணறல் என்பது காய்ச்சல் போல் கருவி வைத்து மற்றவர் பார்த்துச் சொல்லக் கூடியதல்ல. அனுபவிக்கிறவரைக் கேட்டால்தான் தெரியும். ‘சும்மா சொல்கிறார்கள், ஆதாரம் எங்கே?’ என்று எதிர்த்தரப்பு கேட்பது சுலபம். மாகுலில் வித்தியாசம் என்னவென்றால், கிராமத்துக்காரர்கள் தாங்களே மனுதாரர்களாகித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் புனே கிளைக்குப் போனார்கள். அவர்கள் வாயால் சொன்னதும், ஆஸ்பத்திரி எண்ணியதும், காற்றை அளந்த கணக்கும் ஒரே கோப்பில் சேர்ந்தன. 2015 டிசம்பரில், அந்தக் காற்றினால் மக்களின் ஆரோக்கியத்துக்கு ஆபத்து இருப்பது தெரிகிறது என்று தீர்ப்பாயம் கூறிற்று. 2020 ஆகஸ்டில் இரண்டு எண்ணெய் நிறுவனங்களும் இரண்டு தொட்டி நிறுவனங்களும் சேர்ந்து சுமார் ரூ. 286 கோடி கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஐந்தாண்டுக்கு மேல் வழக்காடிய பின் கிடைத்த உத்தரவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கு நடுவே இன்னொரு கதையும் நடந்தது. தான்சா குடிநீர்க் குழாயின் ஓரம் குடிசை போட்டிருந்தவர்களை அகற்றி, இதே மாகுலில் கட்டிய அடுக்குமாடிகளுக்கு மாநகராட்சி அனுப்பியது. காற்று கெட்டது என்று தீர்ப்பாயம் சொல்லியிருந்த அதே இடம்! போனவர்கள் நோயில் விழுந்து, தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். 2019 செப்டம்பரில் மும்பை ஹைகோர்ட், விருப்பமில்லாதவர்களை அங்கே அனுப்பக் கூடாது, வேறு வீடு தரும் வரை குடும்பத்துக்கு மாதம் ரூ. 15,000 வாடகை கொடுக்க வேண்டும் என்று சொல்லிற்று. தாராவிக்காரர்கள் மறக்கக் கூடாத தீர்ப்பு இது.

சுருளும் பம்பும்

காற்றைக் கெடுப்பது ஆலை மட்டுமல்ல. நாட்பட்ட சுவாச அடைப்பு நோய், அதாவது சீட்டில் டாக்டர்கள் ‘சி.ஓ.பி.டி.’ என்று எழுதுவது, பீடி குடிப்பவருக்குத்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பீடி முக்கியக் காரணம்தான். ஆனால் இந்தியாவில் ஒரு நாளும் பீடியைத் தொடாதவர்கள், அதிலும் அடுப்படியில் வெந்த பெண்கள், ஏராளமாக இதில் மாட்டுகிறார்கள். விறகடுப்பில் விடிய விடிய இட்லி அவிக்கும் வீடுகள், குயவர் சூளைக்குப் பின்சந்து, பிளாஸ்டிக் உருக்கும் கொட்டகை, காசநோய் குணமாகியும் தழும்பு விழுந்துபோன நுரையீரல், எல்லாம் தாராவியில் உண்டு. பத்தடிக்குப் பத்தடி அறையில் கதவைச் சாத்திக் கொளுத்தும் ஒரு கொசுவர்த்திச் சுருள் கக்கும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்று ஓர் ஆராய்ச்சி 2003-லேயே கண்டது. நாடு முழுவதற்கும் பார்த்தால், 1990-ல் 2.81 கோடியாக இருந்த இந்நோயாளிகள் 2016-ல் 5.53 கோடி ஆயினர். உலக ஜனத்தொகையில் நாம் நூற்றுக்கு 18. நாட்பட்ட சுவாச நோய்களால் உலகம் படும் நஷ்டத்தில் நம் பங்கு 32.

நடைமுறையில் என்ன நடக்கிறது? இருமல் மாதக் கணக்கில் நீடிக்கிறது. முதலில் சளி மருந்து, அடுத்து காசநோய்ப் பரிசோதனை. ‘டி.பி. இல்லை’ என்றதும் வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு. பின்னே என்னதான் நோய் என்று கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. குழாயில் பலமாக ஊதச் சொல்லும் ‘ஸ்பைரோமெட்ரி’ சோதனைதான் இதற்குச் சரியான அளவுகோல். மூச்சுக்குழல் விரியும் மருந்தை இழுத்த பிறகும், முழு மூச்சில் 70 சதவிகிதத்துக்குக் குறைவாகவே முதல் ஒரு வினாடியில் வெளிவந்தால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். மாடிப்படி ஏற முடியாத நிலை வரும் வரை பலர் இந்தக் குழாயைப் பார்த்ததே இல்லை.

அப்புறம் ‘பம்ப்’. இன்ஹேலருக்கு இங்கே வழங்கும் பெயர் அது. ‘பம்ப் போட்டால் பழகிப் போகும், கடைசி வரை விடாது’ என்று மாமியார் சொன்னால், மருமகள் டாக்டர் எழுதிய சீட்டை மடித்து வைத்துவிடுவாள். மாத்திரையில் சால்பியூட்டமால் மருந்து 4 மில்லிகிராம் இருந்தால், பம்பின் ஓர் இழுப்பில் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. நேரே மூச்சுக்குழலுக்குப் போவதால் அவ்வளவு போதும். இதை யாராவது பொறுமையாகச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

அந்தப் பயம் அறியாமை மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஆஸ்துமா நோயாளிகளையும் டாக்டர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, எதை முதலில் ஆராய வேண்டும் என்று கேட்டார்கள். 2007-ல் முடிந்த அந்த ஏற்பாட்டில் பட்டியலின் தலையில் நின்ற கேள்வி புது மருந்து பற்றியதல்ல. ‘இந்த மருந்துகளை வருஷக் கணக்கில் எடுத்தால் என்ன கெடுதல்?’ என்பதுதான். தாராவி மாமியார் கேட்டதும் ஏறத்தாழ அதேதான். அங்கே அது ஆராய்ச்சிக்கு வழிகாட்டிற்று. இங்கே ‘படிக்காத ஜனங்கள்’ என்ற பெயரை வாங்கித் தந்தது.

முன் அளவு

மறுபடியும் தேவ்னாருக்கு வருவோம். நாளை அங்கே குடியேறிய ஒருவருக்கு மூச்சிரைப்பு வந்தால், அதிகாரிகள் என்ன கேட்பார்கள்? ‘தாராவியில் இருந்தபோதே உமக்கு இருமல் இருந்திருக்கும், சூளைப் புகை, பீடி, பழைய டி.பி.’ என்றுதான். பதில் சொல்ல முன் அளவு வேண்டும். போவதற்கு முன் எவ்வளவு ஊத முடிந்தது, போன பிறகு எவ்வளவு என்று இரண்டு எண்கள் இல்லாமல் எந்தத் தீர்ப்பாயத்திலும் வழக்கு நிற்பது கஷ்டம்.

1970-களில் கே.இ.எம். டாக்டர்கள் நாலாயிரம் பேரை அளந்தார்கள் என்றால், மாநகராட்சியின் மூன்று பெரிய மருத்துவக் கல்லூரிகள் உள்ள இந்த நகரத்தில் இன்று அது முடியாத காரியமல்ல. வெளியே அனுப்பப்பட இருக்கும் குடும்பங்களில் சிலவற்றையேனும் முன்கூட்டி அளப்பது, அந்த முடிவைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் தருவது, என்ன கேள்வி கேட்கலாம் என்று அந்தக் குடும்பங்களையே கேட்பது என்று மூன்று கோரிக்கைகளைத் தாராவியின் சங்கங்கள் வீட்டுக் கோரிக்கைகளோடு சேர்த்தே வைக்கலாம். இதுவரை சங்கக் கூட்டங்களில் சதுர அடிதான் பெரிதாகப் பேசப்படுகிறது.

சங்கம் செய்யும் வரை காத்திராமல் தனி மனிதர் செய்யக் கூடியதும் உண்டு. நாட்பட்ட இருமலோ இரைப்போ உள்ளவர்கள் பெரிய ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய்ப் பிரிவுக்குப் போய் ஊதல் பரிசோதனை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். எந்தெந்த நாளில் மூச்சு முட்டியது, அன்று என்ன நாற்றம், எந்தத் திசைக் காற்று என்று காலண்டர் தாளில் குறித்து வைக்கலாம். பழைய எக்ஸ்ரேக்களையும் சீட்டுகளையும் ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே போட்டு வைக்கலாம். பரிசோதனைச் சீட்டை வாங்கும்போது, அதில் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா, தேதியும் ஆஸ்பத்திரி முத்திரையும் விழுந்திருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்து வாங்க வேண்டும்.