தண்டவாளம் நின்ற இடம்

சாமராஜநகரிலிருந்து கோவைக்கு ரயிலில் போக விரும்புகிறவர் முதலில் எதிர்த் திசையில் கிளம்ப வேண்டும். வடக்கே 61 கி.மீ. சென்று மைசூர், அங்கிருந்து பெங்களூர், பிறகு தெற்கே திரும்பி சேலம், ஈரோடு, கோவை. சாலை வழியோ மிகச் சுருக்கம். ஆசனூரைத் தாண்டி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் சத்தியமங்கலம் வந்துவிடும். சாமராஜநகரில் தண்டவாளம் முடிந்துபோவதுதான் இந்தச் சுற்றுக்குக் காரணம்.

ஏன் முடிந்தது? காடு குறுக்கே நிற்கிறது என்பது இன்று கிடைக்கும் பதில். அது பாதி உண்மைதான். காட்டுக்காக யாரும் வாதாடாத காலத்திலேயே இந்தப் பாதை இங்கே நின்றுவிட்டது.

இந்தியாவில் ரயில் போட வந்த ஆங்கிலக் கம்பெனிகள் 1,676 மி.மீ. அகலத்தில் பாதை அமைத்தன. அவற்றின் முதலீட்டுக்கு 5 சதவிகித லாபத்துக்கு அரசு உத்தரவாதம் தந்தது. வருமானம் குறைந்தால் இந்திய வரிப் பணத்திலிருந்து ஈடுகட்டப்பட்டது. செலவு கட்டுக்கடங்காமல் போகவே, 1870-ல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு சிக்கனமான பாதைக்கு மாறியது. மெட்ரிக் அளவுமுறையை இந்தியாவுக்குக் கொண்டுவரும் எண்ணமும் அப்போது இருந்ததால் தண்டவாளத்தின் இடைவெளி சரியாக ஒரு மீட்டர் ஆயிற்று. அந்த அளவுமுறைக்கான சட்டம் சுதந்திர இந்தியாவில் 1956-ல்தான் வந்தது. மீட்டரையும் விடக் குறுகிய பாதைகளும் போடப்பட்டன. கோலார் பக்கம் 762 மி.மீ., டார்ஜிலிங் மலையில் 610 மி.மீ.

மைசூர் சமஸ்தானத்துக்கு மீட்டர் கேஜ் வாய்த்தது. 1876-78 பெரும் பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாகத் தொடங்கிய பெங்களூர் பாதை 1882-ல் மைசூரை எட்டியது. 1891-ல் கோயில் நகரமான நஞ்சன்கூடு வரை நீண்டது. அங்கே கபினி ஆற்றின் மேல் 1735-ல் தளவாய் தேவராஜா கட்டிய கல் பாலம் இருந்தது. மாட்டு வண்டிக்கும் குதிரைக்கும் கட்டப்பட்ட அந்தப் பாலம் நூறாண்டுக்கும் மேலாக ரயிலையும் சேர்த்துச் சுமந்தது. 1926-ல் ரயில் சாமராஜநகரைத் தொட்டது. அத்தோடு சரி.

மலைக்குக் கீழே கதை வேறு. 1873-லேயே மேட்டுப்பாளையத்துக்கு அகலப் பாதை வந்துவிட்டது. ஆனால் அது சென்னை மாகாணம். சாமராஜநகருக்குப் பக்கத்திலுள்ள கொள்ளேகால் கூட 1956 வரை கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. இரண்டு அரசுகள், இரண்டு அகலங்கள். பாதைகள் சந்தித்திருந்தாலும் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டியிருந்திருக்கும். நடுவில் மலை ஏற்றம் வேறு.

மலையில் ரயில் ஏறாது என்பதல்ல விஷயம். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தின் உதவியோடு 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் ரயில் ஏறியது. ஊட்டி, சென்னை அரசின் கோடைத் தலைநகரம். திம்பத்துக்கும் தாளவாடிக்கும் எந்தக் கவர்னரும் கோடையைக் கழிக்கப் போகவில்லை.

பழைய தடைகள் ஒவ்வொன்றாக விலகின. 1951-ல் மைசூர் ரயில்வேயும் சென்னைப் பக்கத்து ரயில்வேக்களும் தெற்கு ரயில்வேயாக இணைந்தன. நாடெங்கும் ஒரே அகலம் என்ற திட்டம் 1992-ல் தொடங்கியது. மைசூர்-சாமராஜநகர் மீட்டர் கேஜும் பின்னர் அகலப் பாதையாயிற்று. நஞ்சன்கூட்டில் புதுப் பாலம் வந்தது. பழைய கல் பாலம் ஓய்வு பெற்றது. சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையத்துக்குப் புதுப் பாதை போடும் யோசனையும் ரயில்வே திட்டங்களில் இடம்பிடித்தது.

அதற்குள் காட்டின் நிலை மாறிவிட்டது. பிலிகிரி ரங்கன் மலை 2011-லும் சத்தியமங்கலம் 2013-லும் புலிகள் காப்பகங்கள் ஆயின. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானைகளின் வழி இது. அதன் குறுக்கே ரயில் ஓடினால் என்ன ஆகும் என்பதை பாலக்காட்டுக் கணவாய்த் தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்த யானைகள் சொல்லும்.

ஆனால் இந்தப் பக்கம் மனிதர்களும் இருக்கிறார்கள். தாளவாடி தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே பலருக்குத் தாய்மொழி கன்னடம். பக்கத்து ரயில் நிலையம் சாமராஜநகர். அந்த ரயிலோ அவர்களது மாவட்டத் தலைநகருக்கு நேராகப் போகாது. வன விலங்குகள் வாகனங்களில் அடிபடுவதைத் தடுக்க, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியில் திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தபோது தாளவாடிப் பக்கத்து மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். விளைந்த காய்கறியை ராத்திரியில் சந்தைக்கு அனுப்ப முடியாவிட்டால் அது அவர்களுக்கு நஷ்டம்.

புது ரயில் வேண்டும் என்பவர்களைக் காட்டின் எதிரிகள் என்பதும், வேண்டாம் என்பவர்களை வளர்ச்சியின் எதிரிகள் என்பதும் சுலபம். இரண்டும் நியாயமில்லை. ரயில் போடக் காடு தடையாக இல்லாத காலத்தில் அரசுகளுக்கு அக்கறை இல்லை. அக்கறை வந்தபோது காட்டைத் தொடக் கூடாத காலம் வந்துவிட்டது. தாமதத்துக்கான விலையை யானையும் தரக் கூடாது, தாளவாடி விவசாயியும் தனியாகத் தரக் கூடாது. வராத பாதையை எதிர்பார்க்க வைப்பதை விட்டு, இருக்கிற ரயிலில் மலை மக்களின் விளைபொருளை ஏற்றிச் செல்ல வசதி செய்யலாம். பகலில் திம்பம் இறங்கும் சரக்குக்கு மேட்டுப்பாளையம் சந்தையில் நேரம் ஒதுக்கலாம். புதிதாக ஒரு அடி தண்டவாளம் கூடத் தேவையில்லாத வேலைகள் இவை.