இரிடியம் போட்டால் போதுமா?

காருக்கு டர்போ மாட்டியதும் நம்மாட்கள் முதலில் தேடுவது விலை கூடிய இரிடியம் பிளக். இரிடியம் நீண்ட நாள் உழைக்கும், சரிதான். ஆனால் இஞ்சினைக் காப்பாற்றுவது ஹீட் ரேஞ்ச்தான் என்பேன்.

பிளக் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிந்த கரி எரியும். 850-ஐத் தாண்டினாலோ, தீப்பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றி பிஸ்டனில் ஓட்டை விழலாம். அதனால் பவர் கூடினால் ஒரு படி குளிர்ந்த பிளக் வேண்டும். அதற்காக ரொம்பவும் குளிர்ந்தது வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பறக்கிற பிளக், சேத்தூர் ரோட்டில் பஸ் பின்னால் ஊர்ந்தால் கரி பிடித்துவிடும்.

இன்னொன்று: என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர், பாஷில் எண் கூடினால் சூடு! கம்பெனி மாற்றும்போது கவனம்.

ரேஸுக்கு அல்ல, நீங்கள் ஓட்டும் ரோட்டுக்கு பிளக் வாங்குங்கள். என்ன சொல்றீங்க?