இன்ஸ்பெக்‌ஷன் தாளும் மேட்பிளாட்லிப்பும்

மேட்பிளாட்லிப் என்பது பைத்தான் மொழியில் எண்களை வரைபடமாக்கித் தரும் இலவச நிரல் தொகுப்பு. நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைப் பதிவுகளைத் திரையில் பார்ப்பதற்காக இதை எழுதத் தொடங்கி, 2003இல் வெளியிட்டார். காசு கொடுத்து வாங்க வேண்டிய மேட்லேப் மென்பொருளின் கட்டளைகளை ஒத்திருந்ததால் பொறியாளர்களுக்கு எளிதில் பிடிபட்டது. ஹன்டர் 2012இல் காலமான பிறகும் தன்னார்வலர்கள் அதை வளர்த்துவருகிறார்கள். நேரம் போகப் போக அளவு என்ன ஆகிறது என்பதுதான் ஹன்டருடைய கேள்வி. லேத் பட்டறையின் கேள்வியும் அதுவே.

ஓசூரில் 1980 வாக்கில் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் வண்டிகளும், சில ஆண்டுகள் கழித்து டைட்டன் கடிகாரங்களும் உற்பத்தியாகத் தொடங்கின. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் வேலையும் கூடவே பெருகியது. கர்நாடக எல்லையோரத்துப் பேரிகையிலிருந்து ஓசூர் வரையிலான வட்டாரத்தில் இந்த வேலை செய்யும் யூனிட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் புதிதல்ல. மைக்ரோமீட்டரில் எடுத்த அளவு கட்டத்தில் ஏறும். டாலரன்ஸுக்குள் இருந்தால் ஓகே, இல்லையென்றால் ரிஜெக்‌ஷன். தாள் ஃபைலுக்குப் போய்விடும். அந்த எண்களை ஒருமுறை வரிசையாக வரைந்து பார்த்தால் மெஷினைப் பற்றி எவ்வளவோ தெரியவரும். பெரும்பாலும் யாரும் வரைவதில்லை.

20.00 மில்லிமீட்டர் விட்டம், கூட்டல் கழித்தல் 0.02 டாலரன்ஸ் உள்ள ஒரு ஷாஃப்டை எடுத்துக்கொள்ளலாம். அளவுகளை பைத்தானின் இன்னொரு தொகுப்பான பாண்டாஸ் வழியே எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பிலிருந்து உள்ளே எடுப்பது முதல் படி. இங்கேயே ஒரு பள்ளம் உண்டு. 03/04 என்று உரையாக எழுதிய தேதியை, தனியே சொல்லாவிட்டால், பாண்டாஸ் மார்ச் 4 என்றே படிக்கும். நாள் முதலில் வரும் என்பதை டேஃபர்ஸ்ட் என்ற அமைப்பில் குறிப்பிட்டாக வேண்டும். அதை விட்டுவிட்டு வரைந்த படத்தில் ஏப்ரல் 3ஆம் தேதி உற்பத்தி மார்ச்சில் போய் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, சப்பிளாட்ஸ் கட்டளை இரண்டு பொருள்களைத் தரும்: ஃபிகர் என்பது முழுத் தாள், ஆக்ஸஸ் என்பது அதில் அச்சுகளோடு கூடிய ஒரு வரைபடப் பகுதி. மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் பகுதியின் கட்டளைகளை நேரடியாக அடுக்கிக்கொண்டே போகும் பழைய பாணியும் உண்டு. பயிற்சிப் பாடங்களில் அதுவே அதிகம் தென்படுகிறது. ஒரே தாளில் நான்கு மெஷின்களின் படம் வேண்டும் என்றதும் எந்தக் கட்டளை எந்தப் படத்துக்கு என்ற குழப்பம் அதில் தொடங்கிவிடும். புதிதாகக் கற்பவர் முதலிலிருந்தே ஆக்ஸஸ் பாணிக்குப் பழகுவது நல்லது.

பிளாட் கட்டளையால், கடைந்த வரிசைப்படி ஒவ்வொரு அளவையும் புள்ளியாக வைத்துக் கோட்டால் இணைத்தால் முதல் படம் தயார். வெளிவிட்டம் கடையும்போது வெட்டும் முனையான இன்சர்ட் தேயத் தேய விட்டம் மெல்ல ஏறும். ஆபரேட்டர் அதை ஈடுகட்டும் திருத்தமான ஆஃப்செட் கொடுத்ததும் சட்டென்று இறங்கும். படத்தில் இது ரம்பப் பல் போலத் தெரியும். பற்களின் இடைவெளியைக் கொண்டே இன்சர்ட் மாற்றும் நேரத்தை முடிவு செய்யலாம். ஆஃப்செட் ஒவ்வொரு ஜாப்புக்கும் மாற்றப்பட்டிருந்தால் பற்கள் மறைந்து புள்ளிகள் மேலும் கீழும் துள்ளும். தேவையில்லாத திருத்தமே அளவைச் சிதறடிக்கிறது என்று அதற்குப் பொருள். ஹிஸ்ட் கட்டளை தரும் பரவல் படத்தில் இவை எதுவும் தெரியாது. அதில் வரிசை தொலைந்துபோகிறது. வாடிக்கையாளர் கேட்கும் அறிக்கைக்கு அது போதும், பட்டறைக்குப் போதாது.

டாலரன்ஸ் எல்லைகளை ஏஎக்ஸ்ஹெச்லைன் என்ற கட்டளை கிடைக்கோடாகப் போடும். இவை டிராயிங் சொல்லும் எல்லைகள். கட்டுப்பாட்டு எல்லைகள் வேறு. அவை மெஷினின் சொந்த நடத்தையிலிருந்து கணக்கிடப்படுபவை. 1924இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் முன்வைத்த முறை இது. இந்தியப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் அழைப்பில் அவர் 1947–48இல் இந்தியாவுக்கும் வந்தார். ஒவ்வொன்றாக அளக்கும்போது அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசங்களுக்குச் சராசரி கண்டு, அதை 2.66ஆல் பெருக்கி, அளவுகளின் சராசரியோடு கூட்டியும் கழித்தும் இரு எல்லைகளைப் பெறலாம். இரண்டு வகைக் கோடுகளையும் ஒரே நிறத்தில் போட்டால் படம் குழப்பத்தையே தரும். நிறம் மட்டும் வேறுபட்டாலும் போதாது: கறுப்பு வெள்ளை பிரின்டரில் சிவப்பும் பச்சையும் ஒன்றாகிவிடும். ஒன்றைத் தொடர்கோடாகவும் மற்றதை விட்டுவிட்டும் போட வேண்டும்.

செங்குத்து அச்சை மேட்பிளாட்லிப் தானாகவே எண்களுக்கு ஏற்பச் சுருக்கி விரிக்கும். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே அளவு ஏற்ற இறக்கம் போலத் தோன்றுவது இதனால்தான். செட்ஒய்லிம் கட்டளையில் அச்சை 19.97 முதல் 20.03 வரை நிலைப்படுத்திவிட்டால் சிக்கல் தீரும். நிலைப்படுத்தாத படத்தில் இன்னொரு தொல்லையும் வரலாம்: எல்லா அளவும் 20.001, 20.008 என்று நெருங்கியிருந்தால் அச்சில் 0.002, 0.004 என்று மட்டும் எழுதி, 20ஐ மேல் மூலையில் தனியே ஒதுக்கிவிடும். சூப்பர்வைசருக்கு அது புரியாது. யூஸ்ஆஃப்செட் என்பதை அணைத்தால் முழு எண் வரும்.

தமிழில் பெயரிடுவது இன்னும் சிரமம். தொகுப்போடு வரும் டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்கள் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுத்தாலும், பரவலாகப் புழங்கிய பதிப்புகள் குறியீடுகளை உள்ளே பதிந்த வரிசையிலேயே அச்சிடுவதால் கொம்பு எழுத்தின் பின்னால் போய்விடும். எம்பிஎல்கெய்ரோ என்ற துணைத் தொகுப்பை ராக்கம் நூலகத்தோடு சேர்த்தால் எழுத்து சரியாக அமையும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் புழங்கும் இந்த வட்டாரத்தில், ஆபரேட்டர் பார்க்க ஒட்டும் படத்துக்கு இந்த மெனக்கெடல் தகும்.

சேவ்ஃபிக் கட்டளை படத்தைக் கோப்பாக்கும். ஏ4 அளவுக்கு 11.69க்கு 8.27 அங்குலம், அங்குலத்துக்கு 200 புள்ளி வைத்தால் அச்சு தெளிவாக இருக்கும். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் எல்லா மெஷின்களுக்கும் தானாகவே வரையும்படி நிரல் எழுதினால், ஒவ்வொரு படத்தையும் சேமித்தவுடன் குளோஸ் கட்டளையால் மூட வேண்டும். 20க்கு மேல் ஃபிகர்கள் திறந்திருந்தால் எச்சரிக்கை வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் கணினியின் நினைவகம் நிரம்பிக்கொண்டே போகும்.