மாணவர் நாடகம்தானே

பல்கலைக்கழக மேடைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் கோபாலபுரத்து நண்பர்கள், 'மாணவர் நாடகம்தானே' என்று முடித்துவிடுகிறார்கள். அதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். எனக்கு அது அவமதிப்பாகவே படுகிறது.

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தன் நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை வைத்தது. அந்தச் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் நடித்தவர்கள் சிறுவர்கள்தாம். டி. கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது பத்து வயதுகூட நிரம்பவில்லை. காசு கொடுத்து வந்தவர்கள் முன்புதான் அவர்கள் ஆடினார்கள். அந்தக் குழந்தை உழைப்பு திரும்ப வேண்டாம். அந்தப் பார்வையாளர் வேண்டும்.

இன்றைய மாணவர் தயாரிப்பு பெரும்பாலும் ஆசிரியரும் தேர்வாளரும் சக மாணவரும் பார்க்க மேடையேறுகிறது. மதிப்பெண் விழுந்ததும் இறங்கிவிடுகிறது. லெட்ஜரில் வரவு ஏறுவது வேறு, பணம் புழங்குவது வேறு. பாங்கு குமாஸ்தாவான எனக்கு இது தெரியும்.

பருவத்துக்கு ஒரு நாடகமாவது பல்கலைக்கழக வாசலைத் தாண்டி, டிக்கெட் போட்டு நடக்கட்டும். எழுதுகிற நாமும் ஓசி பாஸ் கேட்காமல் போவோம். நன்றாக இல்லையென்றால் ஏன் இல்லை என்று காரணத்தோடு எழுதுவோம். நடிக்க வந்தவனை நடிகனாக மதிப்பது அதுதான். சலுகை மதிப்பு ஆகாது.