வீதி வலமும் வியர்வையும்

திருவரங்கத்து உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் விடியற்காலையில் வலம்வரும் பெண்மணிகளைக் கண்டவர்களுக்கு, இவ்வூரில் உடற்பயிற்சி பற்றி எவரும் உபதேசிக்கத் தேவையில்லை என்றே தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் நடப்பது உண்மை. அந்த நடை போதுமா என்பதே கேள்வி.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலைநாடுகளில் அது 51. ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, இடுப்பிலும் தொடையிலும் தங்கிவந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம்பெயர்கிறது. தசையும் மெலிகிறது. உண்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசையே ஆதலால், அது மெலிந்தால் இன்சுலினின் வேலை தடுமாறும். இடைச்சுற்றளவு 80 செ.மீ.யைத் தாண்டினாலே எச்சரிக்கை என்பது இந்தியப் பெண்களுக்கான கணக்கு. புடவையோ இந்த அளவை மறைப்பதில் கைதேர்ந்தது!

'அதெல்லாம் நின்றாயிற்று, இனிப் பயிற்சி செய்து என்ன பயன்' என்று சலித்துக்கொள்வோர் உண்டு. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தினர் மாதவிடாய் நிற்கும் தறுவாயில் இருந்தவர்களையும் அண்மையில் நின்றுபோனவர்களையும் 3 மாதங்கள் கடுமையாகச் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தார்கள். இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு நன்மை கிட்டியது. ஆக, சலிப்புக்கு ஆதாரமில்லை.

ஆனால் மிதித்தது கடுமையாக என்பதை மறக்கலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறிமுறை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையும், கூடவே 2 நாட்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் கேட்கிறது. மிதமான வேகம் என்றால் பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. பாசுரம் சேவித்தபடியே வீதியைச் சுற்ற முடிகிறதென்றால் அது கைங்கரியம். உட்கார்ந்திருப்பதைவிட மேல், அவ்வளவே. தசைப்பயிற்சியோ பலருக்கு அறவே இல்லை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து அமர்வதும், சுவரில் கைவைத்துத் தள்ளுவதும் காசில்லாத பயிற்சிகள். முழங்கால் ஒத்துழைப்பவர்களுக்கு மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகள் இருக்கவே இருக்கின்றன.

'அந்தக் காலத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தன' என்று ஆண்கள் பெருமூச்சு விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் அரைத்ததில்லை. அது ஓய்வற்ற வேலை; அளவும் இளைப்பாறலும் உள்ளதே பயிற்சி. பெண்களுக்கு இன்று இல்லாதது ஆட்டுக்கல் அன்று, காலையில் தமக்கென ஓர் அரைமணி. அந்நேரத்தில்தான் டிகாக்‌ஷன் இறங்கவேண்டும், டப்பாக்கள் நிரம்பவேண்டும். வாரத்தில் ஐந்து நாள் அவ்வேலையை வீட்டு ஆண்கள் ஏற்றால் 150 நிமிடம் கணக்காகிவிடும்.

இன்னொன்று. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் சந்நிதிக்கு வெளியே, வீதியிலாவது செருப்பணிந்து நடக்கட்டும். ரங்கநாதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.